லாரி கிளம்பிடுச்சா? கேள்வி-பதில்

லாஜிஸ்டிக்ஸ் கம்பெனியில் ஐ.டி. மேனேஜராகச் சேர்ந்திருக்கிறேன். முதல் வாரம் என்ன செய்யலாம்? (சங்ககிரி)

ராத்திரி லோடிங் நடக்கும்போது குடோனில் போய் நில்லுங்கள். நான் அப்படி நின்ற முதல் இரவு, லோடு ஏற்றித் தார்ப்பாய் கட்டி முடித்த லாரி ஒன்று கேட்டைத் தாண்டாமல் ஒன்றரை மணி நேரம் நின்றது. பில்லிங் கவுன்ட்டர் பிரிண்டரில் ரோலர் தேய்ந்து, தாள் சிக்கிக்கொண்டே இருந்தது. டிரைவர் மூன்று தடவை இறங்கி வந்து, "சார், பேப்பர் வந்துச்சா?" என்று கேட்டார். மறுநாளே அங்கே இன்னொரு பிரிண்டர் வைத்தேன்.

இ-வே பில் அக்கவுன்ட்ஸ் வேலைதானே? (கரூர்)

சரக்கோடு போக வேண்டிய அந்த ஜி.எஸ்.டி. ஆவணத்தைப் போடுவது அவர்கள். காலாவதி ஆகாமல் காப்பது உங்கள் வேலை. சாதாரண லாரிக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் கணக்கு. நீட்டிக்க வேண்டுமென்றால் காலாவதிக்கு முன்னும் பின்னும் எட்டெட்டு மணி நேரம்தான் அவகாசம். வண்டி எங்கே நிற்கிறது என்று ஜி.பி.எஸ். சொல்கிறது, பில் எப்போது முடிகிறது என்று சிஸ்டத்தில் இருக்கிறது. இரண்டையும் இணைத்து, டிராஃபிக் இன்சார்ஜ் போனுக்கு முன்கூட்டியே மெசேஜ் போக வையுங்கள்.

தினமும் பேக்கப் எடுக்கிறோம். போதாதா? (தூத்துக்குடி)

அதை ஒரு தடவையாவது ரீஸ்டோர் செய்து பார்த்தீர்களா? 2017 ஜூன் 27 அன்று நாட்பெட்யா வைரஸ் மேர்ஸ்க் கப்பல் கம்பெனியை முடக்கியது. எந்தக் கம்ப்யூட்டரில் யார் நுழையலாம் என்பதைத் தீர்மானிக்கும் டொமைன் கன்ட்ரோலர்கள் அவர்களிடம் ஏறக்குறைய 150 இருந்தன. ஒன்று போனால் மற்றொன்று கைகொடுக்கும் என்ற ஏற்பாடு. எல்லாம் ஒரே நேரத்தில் அழிந்தால் என்ன செய்வது என்று யாரும் யோசிக்கவில்லை. கானா நாட்டு ஆபீஸில் மட்டும் ஒன்று பிழைத்தது. வைரஸ் பரவிய நேரத்தில் அங்கே கரண்ட் இல்லை! லைன் வேகம் போதாமல், அதன் ஹார்டு டிஸ்க்கை நைஜீரியா விமான நிலையம் வரை ஒருவர் கொண்டுபோக, இன்னொருவர் வாங்கிக்கொண்டு லண்டனுக்குப் பறந்தார். பத்தே நாளில் 4,000 சர்வர்களையும் 45,000 கம்ப்யூட்டர்களையும் புதிதாக ஏற்றினார்கள். அந்த உழைப்பை நினைத்தால் இன்றும் எனக்குச் சிலிர்க்கும். ஆனாலும் கரண்ட் கட்டை நம்பி நாம் இருக்க முடியாது. ஒரு பேக்கப் பிரதியாவது நெட்வொர்க்கில் சேராமல் தனியே இருக்கட்டும்.

டிரைவர்கள் ஆப்பைத் தொடுவதே இல்லை. (நாமக்கல்)

எத்தனை பட்டன் வைத்திருக்கிறீர்கள்? "வந்துட்டேன்", "இறக்கிட்டேன்" இரண்டு போதும். சிக்னல் இல்லாத இடத்தில் அமுக்கினாலும் பதிவாக வேண்டும்.

பாதுகாப்புக்குப் பணம் கேட்டால் முதலாளி முகம் சுளிக்கிறார். (சேலம்)

இங்கிலாந்தில் கே.என்.பி. என்ற 158 வருடத்து லாரி கம்பெனியின் கதையைச் சொல்லுங்கள். சுமார் 500 லாரி. 2023இல் யாரோ ஒருவரின் பாஸ்வேர்டை ஊகித்து ஹேக்கர்கள் உள்ளே புகுந்தார்கள் என்று நம்பப்படுகிறது. கம்பெனி மூடி, ஏறத்தாழ 700 பேர் வேலை இழந்தார்கள். சொல்லிவிட்டு, பில்லிங் கவுன்ட்டர் மானிட்டரில் பாஸ்வேர்டு எழுதி ஒட்டியிருக்கும் சீட்டைக் கையோடு கிழித்துவிட்டு வாருங்கள்.