ஒரே ஒரு இனம் போதும்

கணினியில் குதிரைப் பண்ணை விளையாட்டு தொடங்கிய அன்று எடுத்த முடிவு: ஒரே இனம், அதுவும் மார்வாரி. ராஜஸ்தான் குதிரை, உள்பக்கம் வளைந்த காது நுனிகள் இரண்டும் ஒன்றையொன்று தொடும். அந்தக் காதுக்காகவே வாங்கினேன்.

மறுநாள் அகால் டெக்கே கண்ணில் பட்டது. துர்க்மெனிஸ்தானின் அரசுச் சின்னத்திலேயே இருக்கும் குதிரை. வெயில் பட்டால் புளி போட்டு விளக்கிய பித்தளைக் குடம் மாதிரி மின்னும். விட முடியுமா? அப்புறம் கறுப்பு ஃப்ரீசியன். ஐயோ பாவம், குட்டையாக இருக்கிறதே என்று ஒரு ஷெட்லாந்து மட்டக்குதிரை.

நிஜத்தில் சினைக்காலம் சுமார் 11 மாதம். இங்கே காபி ஆறுவதற்குள் குட்டி. அதில்தான் வினை. தரோபிரெட் பந்தயக் குதிரைகளின் தந்தைவழி மூலம் மொத்தமே 3 ஆண்குதிரைகள் என்கிறார்கள், எவ்வளவு சிக்கனம்! என் லாயத்திலோ பெயர் வைத்து மாளவில்லை. சொந்தக்காரர் பெயரெல்லாம் தீர்ந்துவிட்டது. பெரியப்பா இப்போது விற்பனைக்கு நிற்கிறார்.

“பண்ணையாரே, பால் பாக்கெட் வாங்கியாச்சா?” என்று அடுப்படியிலிருந்து மனைவியின் குரல். வாங்கவில்லை.

நேற்று கணக்கெடுத்தேன்: 14 இனம், 46 உருப்படி. மார்வாரிக்குப் புல் போட்டு மூன்று நாளாகிறது.