எண்ணிப் போட்ட கொட்டை

ஐப்பசியில் நாலு நாள் விடாமல் பெய்தால் எங்கள் ஆரணித் தெருவில் இரண்டு காரியம் நடக்கும். தறிக்குழிகளில் தண்ணீர் ஊறும். திண்ணைகளில் சீட்டுக்கட்டு முளைக்கும். காலைத் தொங்கப்போட்டு மிதிக்க வேண்டிய குழியில் முழங்கால் தண்ணீர் நின்றால் பட்டு எங்கே நெய்வது? பெரியப்பா பாவைப் பாலிதீன் தாளால் மூடிவிட்டுக் கோரைப்பாயை உதறுவார்.

ஆட்டம் மூணு சீட்டு. 1968-இல் ரம்மியைத் திறமை ஆட்டம் என்று சொன்ன உச்ச நீதிமன்றம், அதே தீர்ப்பில் மூணு சீட்டை முழுக்க முழுக்க அதிர்ஷ்டம் என்று ஒதுக்கிவிட்டது. எனக்கு இதில் மனத்தாங்கல் உண்டு. சீட்டு வருவது அதிர்ஷ்டம், சரி. எவ்வளவு வைப்பது என்பதுமா அதிர்ஷ்டம்?

காசு வைப்பதில்லை. பெரியம்மா ஆளுக்கு ஐம்பது புளியங்கொட்டை எண்ணிக் கொடுப்பார். கடைசியில் தோற்றவர், எல்லோருக்கும் டீயும் போண்டாவும் வாங்கித் தரவேண்டும். உச்சவரம்பு கிடையாது, முன்னால் இருக்கிற குவியலை அப்படியே நடுவில் தள்ளலாம். முதல் நாள் முடிவில் எண்ணிப் பார்த்தால், ஐந்து பேருக்குக் கொடுத்த 250 கொட்டை 271 ஆகியிருந்தது. சித்தப்பா வீட்டில் அன்றைக்குப் புளிக்குழம்பு என்பதைத் தவிர வேறு தடயம் சிக்கவில்லை.

நான் சென்னையில் வேலை பார்க்கிறவன். எதையும் புத்தகம் படித்துவிட்டுத்தான் தோற்பேன். 1995-இல் போக்கரின் உலகப் பட்டத்தை வென்ற டான் ஹாரிங்டனின் புத்தகத்தை வரிக்கு வரி கோடு போட்டுப் படித்திருந்தேன். கையில் ஒன்றும் இல்லாதபோதும் நடுவில் கிடப்பதில் சுமார் பாதியை வை என்பது அதில் ஒரு பாடம். நடுவில் இருபது கிடக்கிறது, நான் பத்து வைக்கிறேன். மூன்று தடவையில் ஒரு தடவை எல்லோரும் பயந்து சீட்டைக் கவிழ்த்தால் எனக்கு நஷ்டமில்லை. அதற்கு மேல் ஒவ்வொரு பயமும் லாபம். எவ்வளவு அழகான கணக்கு!

பயப்பட ஆள் வேண்டுமே. நான் பத்தை எடுத்து வைப்பேன். மாமா தன் சீட்டைப் பார்ப்பார்: எட்டு, அஞ்சு, ரெண்டு; மூன்றும் வேறு வேறு சாதி. நெற்றியைத் தேய்ப்பார். "சரி, இன்னாதான் வச்சிருக்கேன்னு பாத்துடலாம் மாப்ளே" என்று பத்தைத் தள்ளுவார். அவருக்கு ஜெயிப்பது முக்கியமில்லை, தெரிந்துகொள்வதுதான். பத்துக் கொட்டைக்கு அடுத்தவன் ரகசியம் கிடைக்கிறதென்றால் ஆரணியில் யார் வேண்டாம் என்பார்கள்?

பெரியப்பா இன்னும் மோசம். அவர் பிளைண்ட் ஆடுகிறவர். சீட்டையே தொட மாட்டார். தன் சீட்டே தெரியாத மனிதரை என் சீட்டைக் காட்டி எப்படி மிரட்டுவது? போதாக்குறைக்கு, பார்த்து ஆடுகிறவன் வைப்பதில் பாதி வைத்தால் போதும் என்று பிளைண்டுக்குச் சட்டமே தள்ளுபடி தருகிறது. நான் பத்து வைத்தால் அவருக்கு ஐந்து. தீபாவளித் தள்ளுபடியில்கூட எந்தக் கடைக்காரரும் பட்டுப்புடவைக்கு இப்படிக் குறைத்ததில்லை.

உதார் எங்கள் வட்டாரத்துக்குப் புதிதல்ல. 1751-இல் ராபர்ட் கிளைவ் 200 வெள்ளைக்காரர்களையும் 300 சிப்பாய்களையும் வைத்துக்கொண்டு இடிமழையில் ஆற்காட்டை நோக்கி நடந்தார். மழைக்கும் மின்னலுக்கும் நிற்காமல் வருகிறான் என்ற சேதி கேட்டே கோட்டைக் காவல் படை சீட்டைக் கவிழ்த்துவிட்டுக் கிளம்பிவிட்டது. கிளைவின் பந்தயத் தொகை பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன். அங்கே நடுவில் கிடந்தது தலை. புளியங்கொட்டையாக இருந்திருந்தால் காவல் படையில் யாராவது ஒரு மாமா "பாத்துடலாம்" என்று உட்கார்ந்திருப்பார். அந்த வருஷக் கடைசியில் நம் ஆரணியில் நடந்த சண்டைக்குக் கிளைவ் வந்தே இருக்க மாட்டார்.

மூன்றாம் நாள் புத்தியை மாற்றினேன். உதார் கிடையாது. சீட்டு வந்தால் மட்டும், அதுவும் பெரிதாக. எப்படியும் எல்லோரும் பார்க்கத்தானே போகிறார்கள், நன்றாகச் செலவழித்துப் பார்க்கட்டும்.

சீட்டு வரவேண்டுமே. மூன்று சீட்டு 22,100 விதமாக வரும். அதில் 16,440-இல் ஜோடிகூட இருக்காது. விதியே என்று கவிழ்த்துக்கொண்டே இருந்தேன். திண்ணையோரம் ஓட்டுத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. சாயங்காலம், பெரியம்மா விளக்குப் போடுகிற நேரம், சீட்டை ஒவ்வொன்றாக விரித்தேன். ராஜா. ராஜா. மூன்றாவதும் ராஜா. மூன்றும் ஒன்றாக வருவது 22,100-இல் 52 விதம்தான். 425 ஆட்டத்துக்கு ஒன்று.

முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டேன். கொட்டைக் குவியலில் கைவிட்டு ஒரு பிடி அள்ளி நடுவில் போட்டேன்.

சித்தப்பா கவிழ்த்தார். பக்கத்து வீட்டு அண்ணன் கவிழ்த்தார். மூன்று நாளாக எதையும் விடாத மாமா பெரியப்பாவின் முகத்தைப் பார்த்தார். பெரியப்பா, தன் சீட்டை இன்னும் தொடாத பெரியப்பா, அதைத் தொடாமலே புறங்கையால் ஓரமாகத் தள்ளினார். மாமாவும் கவிழ்த்துவிட்டார்.

"ஏன் பெரியப்பா?" என்றேன். குரல் கொஞ்சம் உடைந்திருக்கும்.

"ரெண்டு நாளா நடுவுல இருக்கறத விரலால ஒண்ணு ரெண்டுன்னு எண்ணி, பாதிய எடுத்து வச்ச. எண்ணனப்பல்லாம் உன் கையில ஒண்ணும் இல்ல. இன்னிக்கு எண்ணாமப் போட்ட" என்றார். ஐம்பது வருஷம் இழை எண்ணிய கண்.

நடுவில் கிடந்ததைச் சேர்த்துக்கொண்டேன். நான் அள்ளிப் போட்ட பிடியைக் கழித்தால் ஆளுக்கொன்றாக முதலில் வைத்த ஐந்து. அதில் ஒன்று என்னுடையது. இன்னொன்று, விளக்கு வெளிச்சத்தில் பார்த்தால், சீத்தாப்பழக் கொட்டை.