படிக்கட்டுப் பராக்கிரமன்

பாலக்காட்டுக் கணவாயின் கீழ்க்கோடியில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் முதலிய ஊர்களிலும், இடுக்கி மலைகளில் மறையூர், பூப்பாறை, குமுளி போன்ற எல்லைப் பட்டணங்களிலும், மாலை நாலரை மணிக்கு மேல் ஏதேனும் ஒரு பொதுக் கட்டடத்துப் படிக்கட்டின் உச்சியில், கைகளில் உறை அணிந்து, தலைக்கவசத்தை மட்டும் முடியின் அழகு கெடாதபடி ஹேண்டில்பாரில் மாட்டி, ஒரு காலை மிதியிலும் மற்றொன்றைத் தரையிலும் ஊன்றி, கீழே யார் யார் பார்க்கிறார்கள் என்பதை யாரையும் பாராதவன்போல் பார்த்துக்கொண்டிருக்கும் ஓர் இளைஞனை வாசகர்கள் தரிசித்திருக்கலாம். அவனைப் பற்றித்தான் இங்கே பிரஸ்தாபிக்கப் போகிறேன்.

அவனுடைய வாகனம் கிராஸ்கன்ட்ரி ஜாதியைச் சேர்ந்த மலைச் சைக்கிள். கோயமுத்தூர்க் கடையொன்றில் மாதத் தவணைக்கு வாங்கியது. தவணை கட்டுகிறவர் தகப்பனார். 1996-இல் அட்லாண்டா ஒலிம்பிக்ஸில் இடம்பெற்ற பந்தயத்துக்கு உரிய இந்த ஜாதி வண்டி, ஒரு மணி நேரத்துக்கு மேல் மேடும் பள்ளமும் மிதித்து ஏறுகிறவனுக்குச் சுமையாக இராமல், சட்டமும் ரிம்மும் இளைத்து, முன் ஃபோர்க் 100 அல்லது 120 மில்லிமீட்டர் மட்டுமே அமுங்கும்படி செய்யப்பட்டது. 2023 அக்டோபரில் ஆசிய மலைச் சைக்கிள் சாம்பியன்ஷிப் திருவனந்தபுரம் ஜில்லாவைச் சேர்ந்த பொன்முடியில் நடந்தது. இடுக்கியிலும் பொன்முடி என்று ஓர் அணை இருப்பதனால், பந்தயம் தங்கள் ஜில்லாவில்தான் நடந்ததென்று மலைப்பக்கத்துப் பராக்கிரமன் சாதிப்பான். அவனைத் திருத்த முயல்வது காலவிரயம்.

ஏறுவதற்கென்றே பிறந்த வண்டியை ஏன் அப்பா இப்படி விழத்தாட்டுகிறாய் என்று கேட்டால், பாலக்காட்டுப் பக்கத்துச் சித்தூர்த் தாலுகாக்காரன், "எங்கூர்ல மலை எங்கீங்க இருக்குது? வாய்க்கா மேடுதானுங்க எங்களுக்கு மலை" என்பான். வயலும் தென்னந்தோப்புமாகச் சமபூமியாய்க் கிடக்கும் அந்தப் பிரதேசத்தில் இதை ஒரு சமாதானமாக ஏற்றுக்கொள்ளலாம். இடுக்கிக்காரனுக்கு அந்தச் சாக்கும் இல்லை. வாசலில் தேயிலைத் தோட்டத்துப் பாதை, கொல்லையில் ஏலக்காட்டு ஜீப் தடம், சற்றுத் தள்ளிப் போனால் போடிமெட்டின் கொண்டை ஊசி வளைவுகள் என்று இத்தனையும் வைத்துக்கொண்டு, அவனும் வந்து நிற்பது பஸ் ஸ்டாண்டுப் படிக்கட்டின் தலையில்தான்! யோசித்துப் பார்த்தால் காரணம் விளங்கும். ஏலக்காட்டுக்குள் எவ்வளவு அபாரமாகப் பாய்ந்தாலும் சாட்சிக்குக் கருங்குரங்கைத் தவிர ஆள் கிடையாது. மலையணிலுக்குக் கைதட்டத் தெரியாது. பஸ் ஸ்டாண்டிலோ, கல்லூரி விட்டு வருகிற பெண்கள், சவாரிக்குக் காத்திருக்கும் ஜீப் டிரைவர்கள், லாட்டரிச் சீட்டு விற்கிறவர், எல்லோருக்கும் மேலாகச் செல்போனைக் குறுக்காகப் பிடித்து நிற்கும் ஆருயிர்ச் சிநேகிதன் என்று ஒரு சபையே கூடியிருக்கிறது. ஆகவே அவனுக்குச் சைக்கிள் இரண்டாம் பட்சம், சபையே பிரதானம் என்பது என் தாழ்மையான அபிப்பிராயம்.

சாஸ்திரம் என்னவோ தெளிவாகத்தான் இருக்கிறது. ஏ.எஸ்.டி.எம். என்ற அமெரிக்கத் தரநிர்ணய ஸ்தாபனத்தின் பாகுபாட்டில் மூன்றாம் வகையாகிய கிராஸ்கன்ட்ரி வண்டிக்கு 61 சென்டிமீட்டருக்கு உட்பட்ட குதிப்பே விதிக்கப்பட்டிருக்கிறது; நான்காம் வகைத் தடித்த வண்டிக்கு 122 வரை அனுமதி உண்டு. 61 சென்டிமீட்டர் என்பது நம் சர்க்கார் கட்டடங்களின் கணக்கில் மூன்று படி, மிஞ்சினால் நாலு. மூன்று படியிலிருந்து குதிப்பதைப் பார்க்க எவன் நிற்பான்? அதைத் தபால்காரரே மணியடித்துக்கொண்டு இறங்கிவிடுவாரே! எனவே நம் வீரன் ஏழாம் படிக்குக் குறைந்த எதையும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை.

அவனுடைய குருமார்கள் கடலுக்கு அப்பால் இருக்கிறார்கள். சிலி தேசத்து வால்பரைஸோ துறைமுகத்தில், 2003 முதல் நடந்துவரும் பந்தயத்தில், குன்றின்மேலிருந்து சந்துகளும் படிக்கட்டுகளும் வழியாகப் பாய்ந்து வருகிறவர்களையும், 2009-இல் எடின்பரோ நகரத்தில் கூரிய கம்பி வேலியின் மேல் சைக்கிள் ஓட்டி உலகப் பிரசித்தி பெற்ற ஸ்காட்லாந்துக்காரர் டேனி மக்காஸ்கிலையும் அவன் செல்போனில் பார்த்துப் பார்த்து மனப்பாடம் செய்திருக்கிறான். சிலியில் ஓடுகிறவர்களில் பலருடைய வண்டி சுமார் 200 மில்லிமீட்டர் அமுங்கக்கூடியது என்பதும், மக்காஸ்கிலின் வண்டியில் சஸ்பென்ஷனே கிடையாது, வருஷக்கணக்கான சாதகம் மட்டுமே இருந்தது என்பதும் படத்தில் தெரிகிற சங்கதிகள் அல்லவே.

குதிக்கிறவன் சரிவின்மேல் இறங்கினால் வேகம் முன்னோக்கி வழிந்து போய்விடும். நம் கான்கிரீட் முற்றங்களுக்கு அந்தத் தாட்சண்யம் இல்லை. ஒரு மீட்டர் விழுந்தவனை 100 மில்லிமீட்டருக்குள் நிறுத்த வேண்டுமானால், முழங்காலும் முழங்கையும் வளைந்து உதவாத பட்சத்தில், அவன் எடையைப்போல் பத்து மடங்குக்கு மேற்பட்ட விசை வண்டியைத் தாக்கும். அவனோ படத்தில் கம்பீரமாக விழவேண்டி விறைத்தே நிற்பவன். வீணைத் தண்டால் முளையடிக்கிற இந்தக் காரியத்தின் பலன் மறுநாள் காலை சைக்கிள் கடையில் பிரத்தியட்சமாகிறது.

"ஏனுங் தம்பி, போன வாரந்தானே கோட்டம் எடுத்துக் குடுத்தேன்? மறுபடியும் எட்டுப் போட்டுக் கொண்டாந்திருக்கறீங்க?"

"ரோட்டுல ஒரு பள்ளமுங்ண்ணா."

"அந்தப் பள்ளம் பஞ்சாயத்து ஆபீஸ் வாசல்லீங்களா?"

உத்தரவாதம் கேட்கப் போகும்போதும் இதே பள்ளம்தான் கோயமுத்தூர் வரை கூடவே பிரயாணம் செய்கிறது. கடைக்காரர் ஃபோர்க்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, புன்னகை பூத்து, அச்சிட்ட தாளில் ஒரு வரியை விரலால் சுட்டுவார். மகன் படிக்க மாட்டான். கூடப் போன தகப்பனார் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு முழுவதும் படிப்பார். திரும்பி வருகிற பஸ்ஸில் இருவரும் பேசிக்கொள்வதில்லை.

மூன்றாவது ரிம்மும் எட்டான பிறகு, பெரியவர் சைக்கிள் கடைக்காரரிடம் சொல்லிக் கனத்த ரிம் போட்டு, பின்னால் ஒரு கேரியரும் வைத்து, அதிகாலையில் பால் கேனைக் கட்டிக்கொண்டு சொசைட்டிக்கு மிதிக்க ஆரம்பித்துவிட்டார். வண்டி அழகாக ஏறுகிறது என்று அவரே மெச்சிக்கொள்கிறார். பராக்கிரமனோ இதனால் மனந்தளர்ந்தவனல்லன். வாகனம் போனபின் ஆசாரிய பீடம் ஏறி, பஸ் ஸ்டாண்டுத் திண்ணையில் அமர்ந்து, எந்தப் படியில் முன்சக்கரத்தைத் தூக்குவது, எந்தக் கோணத்தில் படம் எடுத்தால் ஐந்து படி ஒன்பதாகத் தோன்றும் என்பவற்றையெல்லாம் சின்னப் பையன்களுக்கு உபதேசித்து வருகிறான். பிரதான சீடனுடைய வண்டிக்கு முதல் தவணை அடுத்த மாதம் ஐந்தாம் தேதி.