சேர்க்கை குறைந்தமைக்குச் சமாதானம்

குழந்தைகளின் தொகையைக் கணக்கிட்டுக் காக்கும் மேலிடத்துச் சமூகத்திற்கு, திருப்பூர் வட்டாரத்துப் பால்வாடி ஒன்றின் எதிர்வீட்டுத் திண்ணைவாசி அநேக வந்தனத்துடன் எழுதிக்கொள்ளும் விண்ணப்பம்.

சேர்க்கை ஏன் குறைந்தது என்று சமாதானம் கேட்டு டீச்சருக்குத் தாங்கள் அனுப்பிய மெமோவை அவர் வாசிக்கக் கேட்டேன். குற்றவாளியை அவரிடத்தில் தேடுவது வீண் சிரமம். குற்றம் புரிந்தது சாக்ஷாத் சர்க்காரேதான். 1952-ஆம் ஆண்டு முதற்கொண்டு குடும்பக் கட்டுப்பாட்டைத் தேசத் திட்டமாக்கி, சுவர்தோறும் சிவப்பு முக்கோணம் தீட்டி, 'நாமிருவர் நமக்கிருவர்' என்று ஓயாமல் உபதேசித்த காலத்தில், ஜனங்கள் அதை மெய்யாகவே கேட்டுத் தொலைப்பார்கள் என்று தங்கள் முன்னோர் எதிர்பார்க்கவில்லை போலும்! ஜனத்தொகை நிலைத்து நிற்பதற்கே பெண்ணொருத்திக்குச் சராசரி 2.1 பிள்ளைகள் வேண்டியிருக்க, தமிழ்நாட்டில் அது 1.4 என்று 2020-ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவுக் கணக்கே சொல்கிறது. பிறவாத பிள்ளையைச் சேர்க்கத் தவறியதற்கு டீச்சர் என்ன எழுதுவார்? வயிற்றிலிருக்கும் சிசுவையும் தாயின் பெயரால் கர்ப்பிணிகள் கணக்கில் ஏற்றித்தான் வைத்திருக்கிறார். அதற்கும் முந்திய அவஸ்தையிலுள்ள ஜீவன்களைப் பதிவு செய்யத் தாங்கள் இன்னும் செயலி அருளவில்லை.

பிறந்தவற்றையோ காலை எட்டு மணிக்கு மஞ்சள் வேன் அள்ளிப் போகிறது. மூன்று வயது நிரம்பாத குழந்தை கழுத்தில் டையும் முதுகில் தன்னிலும் பெரிய பையுமாக, அழுதுகொண்டே ஏறுகிறது. பால்வாடியை நடத்தும், 1975 அக்டோபர் 2-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் மகிமையை, வாரம் 3 முட்டை, கலவைச் சாதம், மாதந்தோறும் எடை என்று டீச்சர் வீடுவீடாக எடுத்தோதுகிறார். தாய்மாரோ, "பாப்பாவ இங்கிலீஷ் மீடியத்துல போட்டாச்சுங் டீச்சர்" என்று மரியாதை குறையாமல் கதவைச் சாத்துகிறார்கள். பால்வாடியில் பாட்டும் கதையுமாகச் சும்மா கிடைப்பதை விட்டு, நாலுகோட்டு நோட்டில் விரல் நோக எழுதுவதற்குப் பணம் கட்டும் இந்த ஞானத்தை நான் வியக்காத நாளில்லை.

இதற்கிடையே, பனியன் கம்பெனிகளை நம்பிப் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து லைன் வீடுகளில் குடியேறியவர்களின் பிள்ளைகள் வாசற்படியில் வந்து நிற்க, டீச்சர் அவர்களை உள்ளே உட்கார்த்திச் சோறு போடுகிறார். ஆனால் அவர்களுடைய பெயர்கள் சொந்த ஊர் மையத்தை விட்டு இன்னும் நகர்ந்தபாடில்லை. ஆகவே கணக்கில் இல்லாதவர்கள் உண்கிறார்கள். கணக்கில் இருக்க வேண்டியவர்கள் வேனில் போகிறார்கள். இனிச் சத்துமாவு விஷயம்: தாயின் முகத்தைக் கைப்பேசி அறிந்துகொண்டாலொழியப் பொட்டலம் இல்லை என்பது தங்கள் ஆக்ஞை. நைட் ஷிப்ட் முடிந்து தூக்கக் கலக்கத்தோடு வந்த ஒருத்தியை மாரியம்மன் கோயில் திட்டின்மேல் ஏற்றி, சிக்னல் கிடைக்கும் திசை பார்த்து நிறுத்தி, "கண்ணச் சிமிட்டும்மா, இன்னொரு வாட்டி" என்று டீச்சர் மன்றாடிய கோலத்தைத் தாங்கள் காணக் கொடுத்துவைக்கவில்லை. இடுப்பிலிருந்த குழந்தைதான் தவறாமல் சிமிட்டியது.

ஆகையால் அந்த மெமோவை வாபஸ் வாங்கிக்கொண்டு, வாசற்படிக்கு வந்துவிட்ட பிள்ளைகளின் பெயர்களை இவ்வூர்ப் பதிவேட்டில் ஏற்றவும், அவர்களுக்குரிய அரிசியையும் முட்டையையும் இம்மாதத்திலிருந்தே அனுப்பவும் உத்தரவிடுமாறு வேண்டுகிறேன். டீச்சர் இப்போது பங்கிடுவது மற்றப் பிள்ளைகளின் அளவிலிருந்துதான்.