மன அமைதிக்கு வருகைப்பதிவு உண்டு

புதிதாகக் கல்லூரிக்கு வரும் பிள்ளைகளின் பதற்றம் அதிகாரிகளுக்கு நன்றாகவே புரிகிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009ஆம் ஆண்டு விதிகளின்படி, விடுதியில் குளியலறை எந்தப் பக்கம் என்றே தெரியாத முதலாண்டு மாணவர், தாம் யாரையும் ராகிங் செய்யப்போவதில்லை என்று உறுதிமொழிப் பத்திரம் தருகிறார். பெற்றோர் தனியாக ஒன்று தர வேண்டும். என்ன முன்யோசனை!

2019இல் ‘தீக்‌ஷாரம்ப்’ என்ற புகுமுகப் பயிற்சிக்கும் வழிகாட்டி வந்தது. விளையாட்டு, கலை, பெரியவர்களின் உரைகள். வீட்டு நினைப்பு வர இடைவெளியே கிடையாது. அழுத்தத்தைக் குறைப்பது எப்படி என்று மூன்று மணி நேரம் பேசுகிறார்கள். நடுவில் எழுந்தால் வருகைப்பதிவு போய்விடும் என்பதால் எல்லோரும் அமைதியாகவே இருக்கிறார்கள்.

ஒரு பையன் மட்டும் சீக்கிரமே தேறிவிட்டான். “மெஸ் பக்கம் போகாதடா தம்பி, எதிர்க்கடையில பரோட்டா நல்லா இருக்கும்” என்றாராம் ஒரு சீனியர். புதியவரிடம் பேசிய குற்றத்துக்காக அவர்மீது இப்போது விசாரணை நடக்கிறது.