புகைபோக்கியின் புனர்ஜென்மம்

பம்பாய் லோயர் பரேலில் 1905-ஆம் வருஷம் ஸ்தாபிதமாகி, தலைமுறை தலைமுறையாகத் தொழிலாளர்களுக்குச் சோறும் இருமலும் ஒருங்கே வழங்கிவந்த பீனிக்ஸ் மில், சாம்பலிலிருந்து உயிர்த்தெழும் பட்சியின் நாமத்தைச் சூடியிருந்ததற்கு விசுவாசமாக, இன்று குளிரூட்டிய கடைவளாகமாக ஜென்மமெடுத்து ஜொலிக்கிறது. 1982 ஜனவரியில் டாக்டர் தத்தா சாமந்த் தலைமையில் பம்பாயின் பஞ்சாலைத் தொழிலாளர்கள் சுமார் 2.5 லட்சம் பேர் தொடங்கிய வேலைநிறுத்தம் வாபஸ் பெறப்பட்டதாக முறைப்படி எவரும் அறிவித்ததில்லையாதலால், சட்ட நுணுக்கம் தெரிந்த வக்கீல் ஒருவர் மனம்வைத்தால், அந்த ஜனங்கள் இன்னமும் வேலைநிறுத்தத்தில்தான் இருக்கிறார்கள் என்று வாதாட இடமுண்டு, ஆலைகள்தாம் காத்திருக்கவில்லை.

பழைய புகைபோக்கியை மட்டும் இடிக்காமல் வைத்திருக்கிறார்கள். கரியும் புகையும் கக்கிய காலத்தில் அண்ணாந்து பார்க்க ஆளில்லாத அது, சும்மா நிற்கத் தொடங்கிய பிறகே, அதன் முன் நின்று படமெடுத்துக்கொள்ளும் யுவதிகளையும் யுவர்களையும் சம்பாதித்திருக்கிறது. துணி நெய்த இடத்தில் துணிதானே விற்கிறார்கள், ஆகவே குலத்தொழில் கெட்டுவிட்டதென்று புலம்புவதும் நியாயமன்று. என்ன, அப்போது சங்கு ஊதியதும் ஓடிவந்தவர்கள் உள்ளே நுழைகையில் அட்டையைக் காட்டினார்கள். இப்போது உலாவ வருகிறவர்கள் வெளியேறுகையில், காசாளரிடம் காட்டுகிறார்கள்.