ஆயிரம் ஃபெண்டர் வந்தாலும்

மயிலாடுதுறையில் எலெக்ட்ரிக் கிட்டார் வாசிக்கிறவர்களும் உண்டு, எலெக்ட்ரிக் கிட்டார் வைத்திருக்கிறவர்களும் உண்டு. முதல் ரகத்தாரைத் தேவாலயத்திலும் கல்யாண மண்டபத்து மேடையிலும் பார்க்கலாம். இரண்டாம் ரகத்தாரைப் பார்க்க வேண்டுமானால் பம்புசெட் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடைக்குப் போக வேண்டும். அங்கே நாலு விவசாயிகளுக்கு நடுவில், மஞ்சள் பையிலிருந்து ஒயர் தொங்க, ஒருவர் தன் முறைக்காகக் காத்திருப்பார். வயது ஐம்பத்தைந்துக்கு மேல். வங்கியிலிருந்தோ மின்வாரியத்திலிருந்தோ ஓய்வு பெற்றிருப்பார், அல்லது ஓய்வு நாளை எண்ணிக்கொண்டிருப்பார். பையில் இருப்பது ஒரு கிட்டாரின் பிக்கப், அதாவது தந்தியின் அதிர்வைப் பிடிக்கும் கம்பிச்சுருள். அதற்குச் சொந்தமான கிட்டார் கூறைநாட்டு வீட்டு மாடியில் குடல் வெளியே தெரிய மல்லாந்து கிடக்கும். பக்கத்தில் இன்னும் நாலு கிட்டார்கள். ஒன்றில் நாலு பிக்கப், எட்டு ஸ்விட்ச். எட்டில் இரண்டு வேலை செய்யும், மீதி ஆறும் கௌரவத்துக்கு. இன்னொன்று பிடில் வடிவத்தில் இருக்கும். மூன்றாவதின் மேல் அடித்திருக்கும் சிவப்பு, ஏதோ ஒரு லாரிக்கு வாங்கிய பெயின்டில் மிஞ்சியது என்று நம்ப இடமிருக்கிறது. காசுள்ளவர்கள் இவரைக் கஞ்சன் என்பார்கள், காசில்லாதவர்கள் பைத்தியம் என்பார்கள். இரண்டும் பொருந்தாது என்பது என் கட்சி. மலிவான, கோணலான, பழைய கிட்டாருக்கு இருக்கும் கவர்ச்சி அதன் குறையிலிருந்துதான் வருகிறது. குறை இருந்தால் அதைச் சரிசெய்ய ஆள் வேண்டும். அந்த ஆளாக இருப்பதற்காகவே இவர் காசு கொடுக்கிறார்.

இந்தக் கிட்டார்கள் காவிரிக்கரைக்கு வந்த கதையை முதலில் பார்த்துவிடலாம். 1976-ல் 'அன்னக்கிளி' வந்தது. அதற்கு இசையமைத்த இளையராஜா, தானே கிட்டார் வாசித்தவர். 1979-ல் 'நினைத்தாலே இனிக்கும்' படத்தில் கமல்ஹாசன் பாப் குழுவின் பாடகராக வந்தார். 1982-ல் 'பயணங்கள் முடிவதில்லை' படத்தில் மோகன் கையில் கிட்டார் இருந்தது. அந்த ஆண்டுகளில் மீசை அரும்பிக்கொண்டிருந்தவர்களுக்கு இதற்கு மேல் தூண்டுதல் வேண்டியிருக்கவில்லை. திருவிழாவுக்குத் திருவிழா மெல்லிசைக் கச்சேரி. ஒவ்வொரு ஆர்க்கெஸ்ட்ராவுக்கும் லீட் ஒன்று, ரிதம் ஒன்று, பேஸ் ஒன்று. வெளிநாட்டுக் கிட்டாரை நினைத்துப் பார்க்க முடியாத காலம் அது. 1991-க்கு முன்னால் லைசென்சையும் வரியையும் தாண்டி ஓர் அமெரிக்க ஃபெண்டர் கிட்டார் இங்கே வந்து சேர்ந்தால் அதைத் திருஷ்டி சுற்றித்தான் உள்ளே எடுத்திருப்பார்கள். அந்த இடத்தைக் கல்கத்தா நிரப்பியது. ஹவாய் கிட்டார் மோகம் 1940-களிலேயே பிடித்துக்கொண்ட ஊர் அது. வாத்தியம் செய்யும் கைகளும் அங்கே இருந்தன. மேற்கே கிப்சன் என்றால் கல்கத்தாவில் கிவ்சன், மேற்கே ஹாஃப்னர் என்றால் கல்கத்தாவில் ஹாப்னர். ஓரெழுத்து தள்ளி, ஆனால் கம்பீரமாகவே நின்றன அந்தப் பெயர்கள். அவை ரயிலேறி மதராஸ் வந்து, அங்கிருந்து மாயவரம் என்ற பழைய பெயரில் நம் மயிலாடுதுறை ஜங்ஷனில் இறங்கின. பிறகு கீபோர்டு வந்தது. மூன்று கிட்டார்காரர்களின் சம்பளத்தை ஒரே ஆள் வாங்கிக்கொண்டான். கிட்டார்கள் பரணுக்குப் போயின. இன்றைக்கு நம்மவர் வீடு வீடாக விசாரிப்பது அந்தப் பரண்களைத்தான். "பழைய ஆர்க்கெஸ்ட்ரா சாமான் ஏதாவது கிடக்குதாங்களா?" என்று கேட்டுக்கொண்டு வருபவரை இரும்புக் கடைக்காரர் என்று எண்ணிச் சைக்கிள் ரிம்மைக் கொண்டுவந்து போட்ட வீடுகள் உண்டு.

அப்படிக் கிடைக்கும் கிட்டாரின் உடம்பைக் கொஞ்சம் பரிசோதிக்கலாம். முதல் கோளாறு கழுத்தில். நெல் கொள்முதல் நிலையத்தில் ஒரு சிப்பம் 40 கிலோ. கிட்டாரின் ஆறு தந்திகளும் சேர்ந்து கழுத்தை இழுப்பதும் ஏறக்குறைய அவ்வளவு. ஒரு சிப்பம் நெல்லை இருபது வருஷம் மரப்பலகையில் தொங்கவிட்டு, ஐப்பசி கார்த்திகை அடைமழையில் ஊறவும் சித்திரை வெயிலில் காயவும் வைத்தால் பலகை என்ன ஆகுமோ அதுதான் ஆகியிருக்கும். தந்திக்கும் பலகைக்கும் நடுவில் பன்னிரண்டாவது மெட்டில் இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால் சுகமாக வாசிக்கலாம். இங்கே சுண்டுவிரல் நுழையும். அடுத்தது பிக்கப். காந்தத்தைச் சுற்றித் தலைமுடி கனத்தில் செம்புக் கம்பியை ஐயாயிரம், எட்டாயிரம் சுற்று சுற்றியிருப்பார்கள். எங்கோ நடுவில் ஓரிடத்தில் அறுந்திருக்கும். காயில் கடைக்காரர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "சார், இது எத்தனை எச்.பி.?" என்று கேட்பார். கிண்டலா, தொழில் விசாரணையா என்று சொல்ல முடியாத குரல். அவரிடம் இருக்கும் கம்பி பத்து மடங்கு தடிமன். ஆனால் கை சுத்தம். மெல்லிய கம்பியை எங்கிருந்தாவது வரவழைத்துக் கொடுத்தால் கட்டிவிடுவார். மூன்றாவது கோளாறு இரைச்சல். நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 100 தடவை திசை மாறுகிறது, அதாவது 50 சுற்று. ஒற்றைச் சுருள் பிக்கப் அதையும் பிடித்து ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்பிவிடும். 50 ஹெர்ட்ஸ் என்பது ஐந்து கட்டை சுருதிக்கு வெகு பக்கம். நம்மவர் இதைக் குறையாகவே எண்ணுவதில்லை. சுருதிப்பெட்டிக்குத் தனியாகச் செலவழிக்க வேண்டாம் என்பார். மின்வெட்டு வந்தால் கிட்டாரோடு சுருதியும் போய்விடுவதைப் பற்றி அவரிடம் பேச்செடுக்காமல் இருப்பது நல்லது.

இத்தனையும் புதுக் கிட்டாரில் இல்லை. இந்தோனேசியாவிலோ சீனாவிலோ கணினி இயக்கும் கருவி கழுத்தை அறுக்கிறது; மெட்டுகள் மயிரிழை பிசகாமல் உட்கார்ந்திருக்கின்றன. ஓரளவு நல்ல கைபேசியின் விலைக்கு, சுருதி நிற்கும் கிட்டார் பெட்டியோடு வீட்டு வாசலுக்கே வருகிறது. பெட்டியைப் பிரித்ததும் அதனிடம் செய்ய ஒன்றே ஒன்றுதான் பாக்கி: வாசிப்பது. அங்கேதான் நம்மவருக்குச் சிக்கல். பழைய கிட்டாரில் வாசிப்பதற்கு முன்னால் செய்ய வேண்டியவை முப்பது இருக்கின்றன, அந்த முப்பதிலும் அவர் கெட்டிக்காரர். சால்டரிங் இரும்பு, உப்புத்தாள், மல்டிமீட்டர், பழைய ஃபேன் ரெகுலேட்டரிலிருந்து கழற்றிய குமிழ் எல்லாம் அவர் கையில் சங்கீதம் பேசும். முப்பத்தைந்து வருஷம் அடுத்தவர் கையெழுத்துக்காகக் கோப்பு நகர்த்திய ஒருவருக்கு, தன் கைபட்டதால் மட்டுமே உயிர்பெறும் ஒரு பொருள் வயதான காலத்தில் கிடைப்பது சாதாரண விஷயமா?

சரி, கை சுகத்துக்காக ஒரு மட்டமான வாத்தியத்தை மெச்ச வேண்டுமா என்று கேட்கலாம். மட்டமான வாத்தியம் என்ற முடிவே அவசரமானது. அமெரிக்காவில் நாதன் டேனியல் என்பவர் 1950-களில் டேன்எலெக்ட்ரோ கிட்டார்களைச் செய்தார். உடம்புக்கு நல்ல மரம் கட்டுப்படியாகாது. மரச்சட்டத்தின் மேல் அமுக்கிய மரத்தூள் அட்டையை ஒட்டினார். பிக்கப்பை மூட லிப்ஸ்டிக் குழாயைப் பயன்படுத்தினார். சியர்ஸ் கம்பெனிக்காகச் செய்த ஒன்றில் கிட்டார் பெட்டிக்குள்ளேயே ஆம்ப்ளிஃபயரை வைத்துக் கொடுத்தார். ஏழைப் பையன் ஒரே சாமானை வாங்கினால் கச்சேரியே செய்யலாம். அதே அட்டைக் கிட்டாரைப் பிற்காலத்தில் லெட் செப்பலினின் ஜிம்மி பேஜ் பெரிய பெரிய அரங்குகளில் ஏந்தினார். இத்தாலியில் அக்கார்டியன் வியாபாரத்திலிருந்து கிட்டாருக்கு வந்த எக்கோ கம்பெனி, அக்கார்டியனுக்கு ஒட்டும் மினுமினுப்புப் பிளாஸ்டிக்கையே கிட்டாருக்கும் போர்த்தியது. ஜப்பானியர்களின் டீஸ்கோவோ ஸ்விட்சுகளை அள்ளித் தெளித்தது. 1961-ல் ஹாம்பர்க்கில் பீட்டில்ஸின் பால் மெக்கார்ட்னி பிடில் வடிவ ஹாஃப்னர் பேஸை வாங்கியதற்கு முக்கியக் காரணம் விலை, சுமார் முப்பது பவுண்டு. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்ததால் இடக்கைக்காரரான அவர் திருப்பிப் பிடித்தாலும் அசிங்கமாகத் தெரியவில்லை என்பது அடுத்த காரணம். சிகாகோவில் ஹவுண்ட் டாக் டெய்லர் மலிவு ஜப்பான் கிட்டாரில் ப்ளூஸ் வாசித்தே பெயர் வாங்கினார். அட்டை உடம்பும் பலவீனமான பிக்கப்பும் சேர்ந்து ஒரு கரகரப்பைத் தருகின்றன. எல்லாம் ஒழுங்காக அமைந்த கிட்டாரில் அதைத் தேடினாலும் கிடைக்காது. கிட்டார் கலைஞர் ரை கூடர் டீஸ்கோ பிக்கப்பைக் கழற்றித் தன் ஃபெண்டரில் பொருத்திக்கொண்டது இதற்காகத்தான். அதற்குப் பிறகு அந்தப் பிக்கப்பின் விலையும் ஏறிவிட்டது. இந்த விவரம் முழுவதையும் நம்மவர் கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரருக்குச் சொல்லுவார். ரசம் வருவதற்குள் மெக்கார்ட்னி வந்திருப்பார். மோர் வரும்போது பக்கத்து இலை காலியாகியிருக்கும்.

வீட்டிலிருந்து வரும் ஆட்சேபம் வேறு மாதிரி. "ஏங்க, ரெண்டாயிரத்துக்கு வாங்கினதுக்கு ஒன்பதாயிரம் செலவு பண்ணியாச்சு. புதுசே வந்திருக்குமே?" கணக்கு சரி, அதில் ஒரு ரூபாய் கூடக் குறைக்க முடியாது. ஆனால் செலவின் தன்மையைக் கவனிக்க வேண்டும். ஒன்பதாயிரமும் ஒரே நாளில் போகவில்லை. பட்டமங்கலத் தெருவில் ஒரு ஸ்க்ரூ, கும்பகோணத்தில் ஒரு வால்யூம் கண்ட்ரோல், சென்னைக்குப் போகிறவர் கையில் காசு கொடுத்தனுப்பி அண்ணா சாலை மியூசி மியூசிக்கலிலிருந்து ஒரு செட் தந்தி என்று மூன்று வருஷத்தில் கரைந்தது. வெற்றிலை, சீட்டு, ரியல் எஸ்டேட் என்று ஊரில் உள்ள மற்றப் பொழுதுபோக்குகளோடு ஒப்பிட்டால் இது படுசிக்கனம். வேலை முடியாத வரைக்கும் மனிதர் மாடியிலேயே இருக்கிறார் என்ற சௌகரியத்தை வீட்டம்மா ஒத்துக்கொள்ள மாட்டார். அதற்காக அது இல்லை என்று ஆகிவிடாது.

இவர் வாசிப்பதே இல்லை என்பது இன்னும் கடுமையான குற்றச்சாட்டு. ஐப்பசி மாதக் காவிரி நீராட்டான துலா உற்சவத்துக் கச்சேரியில் ஒரு பாட்டுக்காவது வாசிப்பதாக வருஷாவருஷம் சொல்லுவார். ஐப்பசி கடைசி நாள் கடைமுகம் வரும். கிட்டாரில் பிரிட்ஜ் ஒட்டிய பசை காய்ந்திருக்காது. கடைமுகத்தைத் தவறவிட்ட முடவனுக்குக் கார்த்திகை முதல் நாள் முழுக்குக்கு இடம் கொடுத்த ஊர் இது. அதனால் தாமதமாக வருகிறவர்களை இந்த ஊர் அதிகம் ஏசுவதில்லை. முடவன் முழுக்கு அன்று கிட்டார் தயாராகிவிடும், மேடையைத்தான் பிரித்திருப்பார்கள். இதில் ஒரு தந்திரமும் இருக்கிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை. சரியாகாத கிட்டார் அவரைப் பாதுகாக்கிறது. விரல் ஓடாததற்கு வயதைக் காரணம் சொன்னால் வருத்தம், கழுத்து வளைவைக் காரணம் சொன்னால் அது ஒரு தொழில்நுட்பப் பிரச்சினை. ஆனாலும் பலன் ஊருக்குத்தான். தரங்கம்பாடியிலோ சீர்காழியிலோ தேவாலயத்தில் வாசிக்கும் பையன்கள் அவசரத்துக்குக் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு வருவது இவர் மாடிக்குத்தான். வாசிக்காதவர் பழுது பார்த்ததை வாசிக்கிறவன் மேடையேற்றுகிறான். கூலி வாங்க மாட்டார். மெக்கார்ட்னி கதையைக் கேட்டாக வேண்டும்.

இதெல்லாம் நம் வாத்தியமா என்று முகம் சுளிப்பவர்களுக்கு மயிலாடுதுறையிலிருந்தே பதில் சொல்லலாம். இங்கே கோயில்கொண்ட அபயாம்பிகை மேல் கீர்த்தனை வரிசை பாடியவர் முத்துசுவாமி தீட்சிதர். அவருடைய தம்பி பாலுசுவாமி தீட்சிதர்தான் வெள்ளைக்காரர் வயலினைக் கற்று நம் சங்கீதத்துக்குள் கொண்டுவந்தவர்களில் முன்னோடி. இன்று வயலின் இல்லாமல் கச்சேரி இல்லை. எலெக்ட்ரிக் மாண்டலினை யு. சீனிவாஸ் மடியில் வைத்தபோதும் முகங்கள் சுளித்தன. கொஞ்ச நாளில் தலைகள் ஆடின. வாத்தியத்தைக் கைவைத்துத் திருத்துவதும் இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. கும்பகோணம் சாலையில் இருக்கிறது நரசிங்கம்பேட்டை, 2022-ல் புவிசார் குறியீடு பெற்ற நாகஸ்வரத்தின் ஊர். உச்சசுருதித் திமிரி நாயனம் போதாது என்று திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை நினைத்தார். அவ்வூர் ரங்கநாதன் ஆசாரி ஆச்சா மரத்தைக் கடைந்து கடைந்து, சுத்த மத்தியமம் சுத்தமாகப் பேசும் பாரி நாயனத்தைக் கொண்டுவந்தார். தஞ்சாவூர் வீணையும் அப்படித்தான். இருபத்துநாலு மெட்டையும் மெழுகில் பதித்திருப்பார்கள். மெழுகு இளகி மெட்டு நகர்ந்தால் ஆளைக் கூப்பிட்டுத் திரும்ப மேளம் கட்டுவார்கள். நகராத வீணை வேண்டும் என்று யாரும் அழுததில்லை. வாங்கிய அன்றோடு வேலை முடிந்துவிட்ட வாத்தியம் என்ற எண்ணம்தான் இங்கே புதுசு. கிட்டார் கழுத்தை வாரம் ஒரு முறை கண்ணுக்கு நேரே தூக்கிப் பார்க்கும் நம்மவர் பழைய மரபில்தான் நிற்கிறார். இதைச் சொன்னால் கேட்கிற ஆசாரிக்குச் சிரிப்பு வரலாம், வரட்டும்.

அவருடைய எல்லாக் கூற்றையும் ஏற்க வேண்டும் என்று சொல்லவில்லை. ஈரத்தில் பிளைவுட் உடம்பு சுலபத்தில் வெடிக்காது என்பது உண்மை. அதிலிருந்து, டெல்டா மழைக்கென்றே கல்கத்தாக்காரன் யோசித்துச் செய்தான் என்று அவர் முடிவு கட்டுவது அளவு கடந்தது. கல்கத்தாக்காரன் விலையை யோசித்தான், அவ்வளவே. "ஆயிரம் ஆனாலும் மாயூரம் ஆகாது" என்று மயிலாடுதுறையின் பழைய பெயரில் வழங்கும் பழமொழியை ஒட்டி, ஆயிரம் ஃபெண்டர் வந்தாலும் இந்த ஒரு கிட்டார் ஆகாது என்பார். ஒரு ஃபெண்டர் வந்தாலே போதும், தெரிந்துவிடும். அது வராமல் அவர் பார்த்துக்கொள்வார்.

கடைசியாக, பரணில் பழைய கிட்டார் வைத்திருந்து இவரிடம் தள்ளிவிட நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். துடைக்காதீர்கள், தந்தி மாற்றாதீர்கள். அவர் கேட்கும்போது கழுத்து வளைந்திருக்கிறது, ஒரு பிக்கப் செத்துவிட்டது, ஒரு குமிழ் தொலைந்துவிட்டது என்று வரிசையாகச் சொல்லுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஐந்நூறு ஐந்நூறாக ஏற்றுவார். "நேத்துகூட என் பையன் வாசிச்சான் சார், நல்லாவே இருக்கு" என்று மட்டும் வாய் தவறிச் சொல்லிவிட்டால், "அப்படியா, ரொம்ப சந்தோஷம்" என்று மஞ்சள் பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்.